பிளேசர்: ‘வண்டல் படிவு’ போதுமா?

அன்புள்ள குழுவினருக்கு,

ஆறோ கடலலையோ மணலை அலசி, பொன் போன்ற கனமான தாதுக்களை ஓரிடத்தில் ஒதுக்கிவைக்கும் படிவுக்கு ஆங்கிலத்தில் ‘பிளேசர்’ (placer) என்று பெயர். தமிழில் அதற்கு ‘வண்டல் படிவு’ என்ற கலைச்சொல்லே போதும் என்று நம் குழுவில் நண்பர் எழுதியிருந்தார். எனக்கு மனம் ஒப்பவில்லை.

இந்தச் சொல்லையே பெயரில் சுமக்கும் ஊர் கலிபோர்னியாவில் இருக்கிறது: பிளேசர்வில். 1848 ஜனவரியில் கொலோமாவில் மர அறுவை ஆலையின் வாய்க்காலில் ஜேம்ஸ் மார்ஷல் பொன்துணுக்குகளைக் கண்டார். அதன்பின் பக்கத்தில் முளைத்த முகாம் இது. தோண்டிய மண்ணை அங்கேயே கழுவத் தண்ணீர் கிடையாது. ஓடும் நீர்வரை கொண்டுபோக வேண்டும். அதனால் முதற்பெயர் ‘டிரை டிக்கிங்ஸ்’, வறட்டுத் தோண்டல். 1849இல் சிலரைத் தூக்கிலிட்டார்கள். ஊர் ‘ஹேங்டவுன்’ ஆயிற்று. நம் ஊராக இருந்தால் தூக்குமரத்துப்பட்டி என்றிருப்போம். 1854இல் நகராட்சியானபோது கௌரவமாக பிளேசர்வில் என்ற பெயர் நிலைத்தது. ஸ்பானிய மொழியில் ‘பிளேசர்’ மணல்திட்டு. ‘இன்பம்’ என்ற பொருளிலும் ஒரு பிளேசர் அங்கே உண்டு, இது அதுவன்று.

வண்டல் என்றால் நீரோடு வந்து படியும் மென்சேறு. இங்கே நடப்பதோ நேர்மாறு. லேசானதை நீர் அடித்துப்போக, கனமானது தங்குகிறது. பொன் தண்ணீரைப்போல் 19 மடங்கு கனம், மணல் மூன்று மடங்குகூட இல்லை. பொன் தேடுபவர் மண்ணும் நீருமாக அள்ளிய தட்டைச் சாய்த்து வட்டமாக ஆட்டினால் மணல் விளிம்பில் வழியும், பொன் அடியில் ஒட்டிக்கொள்ளும். மேலும் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கனமான தாதுக்கள் ஒதுங்கிய கருமணலும் பிளேசர்தான். அதை வண்டல் என்று யார் சொல்வார்கள்?

முறத்தில் புடைப்பது வேறு, கொழிப்பது வேறு என்று அரிசியில் கல் பார்த்தவர்களுக்குத் தெரியும். முறத்தைச் சாய்த்து அசைத்து நொய்யையும் கல்லையும் ஒதுக்குவது கொழித்தல். அலை முத்தை ஒதுக்குவதும் கொழித்தலே. ‘பொன் கொழிக்கும் ஆறு’ என்று காலங்காலமாகச் சொல்லிவிட்டு, கலைச்சொல்லுக்கு வேறெங்கோ தேடுகிறோம்!

என் முன்மொழிவு: படிவுக்குக் ‘கொழிபடிவு’, அதில் கிடைப்பதற்குக் ‘கொழிபொன்’, தொழிலுக்குக் ‘கொழித்தெடுப்பு’. வினைத்தொகை என்பதால் நடுவே ஒற்று மிகாது. ‘கொழிப்படிவு’ என்று யாரும் திருத்த வேண்டாம்.

‘கொழிவு’ என்று சுருக்கலாமே என்று தனிமடலில் ஒருவர் கேட்டார். வேண்டாம் ஐயா. அச்சில் ஒரு கொம்பும் காலும் விழுந்தால் பொன் கழிவாகிவிடும்.

ஊர்ப்பெயரைப் பிளேசர்வில் என்றே எழுதுவோம். பொன் கழுவும் அந்தத் தட்டுக்குத்தான் எனக்கு இன்னும் சொல் அமையவில்லை. ‘கொழிதட்டு’ நாக்கில் உருள்கிறதா, சொல்லிப் பார்த்து எழுதுங்கள்.