ஹெவிவெயிட் கற்பனை டோர்னமென்ட்: என் ஷீட்டில் வைல்டர் அலியை வீழ்த்துகிறார், எங்கே கோளாறு?

ஒன்பதாம்எண்ணிக்கை (கேள்வி):

வணக்கம் நண்பர்களே. ஜாக் ஜான்சன் முதல் உசிக் வரை 16 ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியன்கள், எல்லோரும் அவரவர் உச்சத்தில் இருப்பதாக வைத்து ஒரு ஷீட் தயாரித்திருக்கிறேன். எடை, கை நீளம், நாக்-அவுட் சதவீதம், தோல்விகள், இவ்வளவுக்கும் மதிப்பெண். கூட்டுத்தொகை அதிகம் உள்ளவர் அடுத்த சுற்றுக்குப் போவார்.

ஓட விட்டால் கண்றாவியாக இருக்கிறது. 49 சண்டையும் ஜெயித்த மார்சியானோ முதல் சுற்றிலேயே ஃபியூரியிடம் காலி. டியான்டே வைல்டர் முகமது அலியை வீழ்த்தி அரையிறுதி வரை வருகிறார். நிஜத்தில் மோதியவர்களின் முடிவையும் சேர்ப்போம் என்று, ஜெயித்தவருக்குத் தோற்றவரின் புள்ளியில் ஒரு பங்கு போகும்படி வைத்தேன். உடனே சுழல் பிழை (கணக்கு சுற்றிச் சுற்றித் தன்னையே கேட்பது) காட்டி நின்றுவிட்டது. ஃப்ரேசியர் அலியை ஜெயித்தார், அலி ஃபோர்மேனை ஜெயித்தார், ஃபோர்மேன் ஃப்ரேசியரை ஜெயித்தார், அதில் மாட்டிக்கொண்டது. யாராவது வழி சொல்லுங்கள்.

கயிறோரம்:

இதில் மூன்று தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன.

முதலில் நாக்-அவுட் சதவீதத்தைத் தூக்கிவிடுங்கள். 2020இல் ஃபியூரியிடம் தோற்கும்வரை வைல்டருக்கு 42 வெற்றி, அதில் 41 நாக்-அவுட். அலிக்கு மொத்தம் 56 வெற்றி, 37 நாக்-அவுட். எதிரில் நின்றது யார் என்று அந்தச் சதவீதம் சொல்லாது. லிஸ்டன், ஃப்ரேசியர், ஃபோர்மேன், நார்ட்டன் எல்லோரோடும் ஆடியவரின் 37ஐ வேறு யாருடைய எண்ணோடும் அப்படியே வைத்துப் பார்க்க முடியாது. ஒவ்வொருவரும் வீழ்த்தியதில் சிறந்த ஐந்து பேரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், போதும்.

அடுத்து எடை. 1919 ஜூலை 4, டொலிடோ. டெம்ப்சி 85 கிலோ, வில்லார்ட் 111. முதல் ரவுண்டிலேயே வில்லார்ட் ஏழு முறை விழுந்தார். அது பழைய கதை என்பீர்கள். சரி, 2024 மே, ரியாத். உசிக் 101 கிலோ, ஃபியூரி 119. ஒன்பதாவது ரவுண்டில் ஃபியூரி ஒரு பக்கக் கயிற்றிலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தள்ளாடினார், கயிறு தாங்கியதால்தான் விழவில்லை என்று நடுவர் எண்ணத் தொடங்கினார்.

அதற்காக எடையைப் பூஜ்யமாக்க வேண்டாம். பெரிய ஆள் கட்டிப்பிடித்து மேலே சாய்ந்தால் சின்னவரின் கால் பலம் கரையும், ஆனால் அது ஆறாவது ரவுண்டுக்கு மேல்தான் தெரியும். அதனால் எடைக்கு மதிப்பெண் ரவுண்டு ஏற ஏறக் கூடுகிற மாதிரி வையுங்கள். மார்சியானோ ஃபியூரியிடம் தோற்பது கோளாறே இல்லை, என் கணிப்பும் அதுதான். காரணம் எடை அல்ல, ஏறக்குறைய 17 அங்குலக் கை நீள வித்தியாசம்.

ப்ராக்டன்ரசிகன்:

தலைவா, மார்சியானோ இன்றைக்குப் பிறந்திருந்தால் 100 கிலோ ஏற்றிக்கொண்டு வந்திருப்பார். 84 கிலோ என்று வைத்து அவரை ஒதுக்குவது அநியாயம்.

கயிறோரம்:

அது வேறு டோர்னமென்ட், நண்பரே. கால இயந்திரத்தில் ஏற்றி அப்படியே கொண்டுவருவதா, இன்றைய காலத்தில் பிறக்க வைப்பதா என்று ஷீட்டுக்காரர் முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். இரண்டையும் கலந்தால் சண்டை ரிங்கில் நடக்காது, இங்கேதான் நடக்கும்.

மூலைநாற்காலி:

சுழல் பிழைக்கு வருகிறேன். ஷீட்டில் 'அலி' என்று ஒரே வரி இருப்பதுதான் சிக்கல். 1971 மார்ச்சில் ஃப்ரேசியரிடம் தோற்றவர், மூன்றரை ஆண்டு தடைக்குப் பிறகு மூன்றாவது சண்டை ஆடுகிற அலி. 1974 அக்டோபரில் கின்ஷாசாவில் எட்டாவது ரவுண்டில் ஃபோர்மேனை வீழ்த்தியவர் வேறு அலி. நடுவில் 1973 ஜனவரியில் கிங்ஸ்டனில் இரண்டே ரவுண்டில் ஆறு முறை விழுந்த ஃப்ரேசியரும் 1971இன் ஃப்ரேசியர் அல்ல. பெயரோடு ஆண்டையும் சேர்த்துத் தனி வரியாக்குங்கள், சுழல் தானாக அறுந்துவிடும்.

உச்சம் என்பதையும் ஒரு இரவாகவே குறியுங்கள். '1964 முதல் 1974 வரை' என்று வைத்தால் என்ன ஆகும் தெரியுமா? 1966இன் கால்களையும் 1974இன் தாடையையும் ஒட்டி, எப்போதும் இல்லாத ஒரு அலியை உருவாக்கிவிடுவீர்கள். பெரும்பாலான கற்பனை மோதல்களில் அவர் ஜெயிப்பது இந்தத் தில்லுமுல்லால்தான். (நான் அலி பக்தன், திட்ட வேண்டாம்.)

எல்லோரும் எடுக்கும் இரவு 1966 நவம்பர் 14, ஹூஸ்டன். கிளீவ்லாண்ட் வில்லியம்ஸ் இரண்டாவது ரவுண்டில் மட்டும் மூன்று முறை விழுந்தார். பின்னால் நகர்ந்துகொண்டே அலி விட்ட குத்துகளைப் பார்த்தால் இவரை யார் தொட முடியும் என்று தோன்றும். ஆனால் வில்லியம்ஸ் 1964இல் ஒரு போலீஸ்காரர் சுட்ட குண்டில் ஒரு சிறுநீரகத்தை இழந்தவர். அந்த இரவுக்குக் கொஞ்சம் தள்ளுபடி போட்டாக வேண்டும்.

இன்னொரு நெடுவரிசையும் சேருங்கள்: எந்தக் குத்து யாருக்கு ஆகாது. 1963இல் லண்டனில் ஹென்றி கூப்பரின் இடது ஹூக்கில் (பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து) அலி விழுந்தார். 1971இல் 15ஆவது ரவுண்டில் ஃப்ரேசியர் தள்ளியதும் இடது ஹூக். ஆகவே நல்ல இடது ஹூக் உள்ளவரோடு மோதினால் அலிக்குக் கொஞ்சம் குறைக்கலாம். மைக் டைசன் அங்கேதான் உள்ளே வருகிறார்.

மணிச்சத்தம்:

எத்தனை ரவுண்டு என்று யாருமே கேட்கவில்லையே! 1952 செப்டம்பர், பிலடெல்பியா. முதல் ரவுண்டிலேயே மார்சியானோவை அப்போதைய சாம்பியன் வால்காட் கீழே தள்ளிவிட்டார். 12 ரவுண்டு முடிந்தபோது மூன்று புள்ளி அட்டையிலும் வால்காட்தான் முன்னால். 13ஆவதில் மார்சியானோவிடமிருந்து மிகக் குறுகிய தூரம் வந்த ஒரு வலது கைக் குத்து. வால்காட் ஒரு கையைக் கயிற்றில் மாட்டியபடியே சரிந்தார். இன்றைய 12 ரவுண்டு விதியில் அந்தச் சண்டையே வால்காட்டுக்குத்தான். 15ஆ 12ஆ என்று மேலேயே எழுதிவிடுங்கள். டெம்ப்சியை எடுத்தால் விழுந்தவர் பக்கத்திலேயே நின்று, எழுந்ததும் அடிக்கலாமா என்பதையும் சொல்லுங்கள். வில்லார்ட் பட்டது அப்படித்தான்.

அப்புறம், கணினியை ரொம்ப நம்பாதீர்கள். 1967இல் அமெரிக்க வானொலிக்காக இதே மாதிரி கணினி டோர்னமென்ட் போட்டார்கள். அலி பழைய சாம்பியன் ஜெஃப்ரீஸிடம் தோற்றதாக வந்தது, அலி வழக்கே போட்டார்.

ஒன்பதாம்எண்ணிக்கை:

நன்றி, சுழல் போய்விட்டது! கால இயந்திர முறை, 15 ரவுண்டு என்று வைத்துவிட்டேன். வைல்டர் முதல் சுற்றிலேயே வெளியே. இப்போது காலிறுதியில் டைசனும் லெனாக்ஸ் லூயிஸும் வந்திருக்கிறார்கள். 2002இல் லூயிஸ் எட்டாவது ரவுண்டில் ஜெயித்ததை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

மூலைநாற்காலி:

வேண்டாம், அன்றைய டைசன் பெயரில் மட்டும்தான் டைசன். அவருக்கு 1988 ஜூன் 27 இரவை எடுங்கள், மைக்கேல் ஸ்பிங்க்ஸ் 91 நொடியில் விழுந்த நாள். லூயிஸுக்கு 1997இல் கொலோட்டாவை முதல் ரவுண்டில் முடித்த இரவு.

ஆனால் 91 நொடியைப் பார்த்து மயங்க வேண்டாம். 1987இல் போன்க்ரஷர் ஸ்மித், டோனி டக்கர் இருவரும் உயரமானவர்கள், கட்டிப்பிடித்தும் நகர்ந்தும் 12 ரவுண்டு முழுக்கத் தாக்குப்பிடித்தார்கள். டக்ளஸ் 1990இல் டோக்கியோவில் டைசனை வீழ்த்திக் காட்டியதும் இதே பாடம்தான், கூடவே அவரிடம் நல்ல ஜாப் (முன் கையால் விடும் நேர்க் குத்து) இருந்தது. அதனால் முதல் நாலு ரவுண்டு டைசனுக்கு, அதற்கு மேல் ரவுண்டு போகப் போக லூயிஸுக்கு. லூயிஸ் 1994இல் மெக்காலிடம் இரண்டாவது ரவுண்டில் விழுந்தவர் என்பதையும் மறக்காமல் போடுங்கள். என் பந்தயம் டைசன், மூன்றாவது ரவுண்டுக்குள், தாண்டினால் லூயிஸ்.

ஒன்பதாம்எண்ணிக்கை:

சரி. கடைசியாக ஒன்று, லிஸ்டனுக்கு எந்த இரவு?

கயிறோரம்:

1962 செப்டம்பர் 25, சிகாகோ. அப்போதைய சாம்பியன் பேட்டர்சன் லிஸ்டனிடம் முதல் ரவுண்டைத் தாண்டவில்லை. வயது நெடுவரிசை வைத்திருந்தால் லிஸ்டனுக்கு மட்டும் காலியாக விடுங்கள், அவர் பிறந்த ஆண்டே உறுதியில்லை.