எல்லார் முன்னாலும் சொன்ன பழிக்குத் தனியாக மன்னிப்புக் கேட்டால் போதுமா?

மஞ்சக்குப்பம் அக்கா கேட்கிறார்:

இயேசுவுக்குப் புகழ். எங்கள் அன்பியத்தில், அதாவது பங்கில் சேர்ந்து ஜெபிக்கும் அக்கம்பக்கத்துக் குழுவில், 14 குடும்பங்கள். வில்லியனூர் மாதா கோயிலுக்கு வேன் பிடிக்க வீட்டுக்கு 300 ரூபாய் வசூல் செய்தோம். வசூலித்தவர் எங்கள் தெருத் தம்பி, ஓ.டி. என்கிற கடலூர் முதுநகர் பக்கம் பைக் மெக்கானிக் கடை வைத்திருக்கிறார். செவ்வாய்க்கிழமை இரவு பணத்தை என்னிடம் கொடுத்தார். வியாழக்கிழமை ஜெபக் கூட்டத்தில் எண்ணினேன். 4,200 இருக்க வேண்டும், 3,700தான் இருந்தது. அத்தனை பேரும் உட்கார்ந்திருக்க, "ஐந்நூறு குறையுதே தம்பி, கடைச் செலவுக்கு எடுத்தீங்களா?" என்று கேட்டுவிட்டேன். "முழுசா கொடுத்தேன் அக்கா" என்றார். "ரெண்டு தடவை எண்ணிட்டேன்" என்றேன். அவர் மேற்கொண்டு பேசவில்லை. சட்டைப் பையிலிருந்து 500 எடுத்து வைத்துவிட்டு எழுந்து போனார்.

நாலு மாதம் கழித்து, தவக்காலத்தில் என் பாட்டுப் புத்தகத்துக்கு அட்டை மாற்றினேன். பழைய பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு 500 ரூபாய் நோட்டு. அன்று இரவு பணத்தை அந்தப் புத்தகத்துக்குள்தான் வைத்திருந்தேன்.

சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி ஒப்புரவு செய்தேன். கடைக்குப் போய்ப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்பும் கேட்டேன். கையில் கிரீஸோடு நின்றவர், "சரி விடுங்க அக்கா" என்றார். ஆனால் அன்பியத்துக்கு இன்னும் வரவில்லை. அவருடைய அம்மா பூசைக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, நன்மை (நற்கருணை) வாங்கியதும் போய்விடுகிறார். "என் பாவமே" என்று மார்பில் தட்டும்போதெல்லாம் அந்த அம்மாவின் முகம்தான் வருகிறது. வீட்டுக்காரர், "கேட்டாச்சு, கொடுத்தாச்சு, மறுபடி எதுக்குக் கிளறணும்?" என்கிறார். மற்ற வீட்டுக்காரர்களிடமும் நான் சொல்ல வேண்டுமா?

நெல்லித்தோப்பு ஆசிரியர்:

அம்மா, நான் பல வருடம் மறைக்கல்வி வகுப்பு எடுத்தவன். திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 1459ஆம் எண்ணைப் பாருங்கள். பாவமன்னிப்பு பாவத்தைப் போக்கும், ஆனால் பாவம் செய்த சேதம் அதனால் மட்டும் சரியாகிவிடாது என்று இருக்கிறது. திருடியதைத் திருப்பிக் கொடுப்பதும், கெடுத்த பெயரை மீட்டுக் கொடுப்பதும் அங்கே அடுத்தடுத்து வருகின்றன. நீங்கள் பணத்தைக் கொடுத்துவிட்டீர்கள், பெயர் இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது. வெளிப்படையாக ஈடுசெய்ய முடியாதபோது மறைவாகச் செய்ய வேண்டும் என்று 2487ஆம் எண்ணில் உண்டு. உங்களுக்கு முடியும்தானே? அதே வியாழக்கிழமைக் கூட்டம் இன்னும் நடக்கிறது.

கடலூர் லுத்தரன் சகோதரர்:

இயேசு வீட்டுக்கு வந்து தங்கிய வரி வசூல்காரன் சகேயுவை நினைத்துப் பாருங்கள் அக்கா. லூக்கா 19இல் ஜனங்கள் எல்லாரும் முறுமுறுக்கிறார்கள், உடனே அவன் எழுந்து நின்று நாலத்தனையாய்த் திருப்புவேன் என்கிறான். தப்பிதத்தை அறிக்கையிடுகிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும் என்பது எண்ணாகமம் 5இல் உள்ள கட்டளை. உங்கள் கணக்கில் அது 100 ரூபாய். ரூபாயாக நீட்டினால் தம்பி வாங்கமாட்டார். அதைச் சொல்லாகக் கொடுங்கள்.

முத்தியால்பேட்டையிலிருந்து ஒருவர்:

அக்கா, அந்தத் தம்பியின் இடத்தில் நான் இருந்திருக்கிறேன். வேலை செய்த இடத்தில் ஒரு பொருள் காணாமல் போய் என்மேல் பழி வந்தது. பொருள் கிடைத்ததும் பழி சொன்னவர் எல்லாரையும் கூட்டி அரை மணி நேரம் பேசினார், அழுதார். மொத்தப் பேரும் அவரைத் தேற்றினார்கள். நான் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். அன்றைக்குப் பட்ட வலி முதல் நாள் வலியைவிட அதிகம். அதனால் முதலில் தம்பியிடம் கேளுங்கள், அவருக்கு இது வேண்டுமா என்று. சரி என்றால் மூன்று வாக்கியத்தில் முடியுங்கள். உங்கள் வருத்தத்தைப் பற்றி ஒன்றும் வேண்டாம். தயவுசெய்து அங்கே அழாதீர்கள்.

மஞ்சக்குப்பம் அக்கா:

முத்தியால்பேட்டைத் தம்பிக்கு நன்றி. உண்மையில் நான் அழுதிருப்பேன். அழுவதுதான் தாழ்மை என்று நினைத்திருந்தேன்.

தம்பியிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் ஸ்பேனரையே துடைத்துக்கொண்டிருந்தார். அப்புறம், "எனக்கு வேணாம் அக்கா. அம்மா இருக்கும்போது சொல்லுங்க" என்றார். நானே போய் அம்மாவை அழைத்தேன்.

நேற்றுக் கூட்டத்தில் சொன்னேன்: "தம்பி முழுப் பணமும் கொடுத்தார். ஐந்நூறு என் புத்தகத்தில் இருந்தது. அவர்மேல் நான் பொய்ப்பழி சொன்னேன்." ஒரு அக்கா, "மறதி யாருக்குத்தான் இல்லை" என்றார். அதை ஏற்றுக்கொள்ள எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. "மறதி இல்லைக்கா. அன்னிக்கு என்மேல எனக்குச் சந்தேகமே வரல, அவர்மேல உடனே வந்துடுச்சு" என்றேன். யாரும் பேசவில்லை.

அம்மாவும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஜெபமாலையில் மூன்றாம் பத்தை அவர்தான் தொடங்கினார். தம்பி வரவில்லை. வர வேண்டும் என்று நான் கேட்கப் போவதும் இல்லை.