ஹெல்சிங்கி: நூலகத்துக்கு மாளிகை, குடியிருப்பவருக்குப் பெட்டியா?

நகர்வலம்:
பின்லாந்துக் கட்டடக்கலை என்றாலே இங்கே ஆளுக்கு ஆள் ஹெல்சிங்கியின் மைய நூலகமான ‘ஓடி’யின் படத்தைப் போட்டுப் புல்லரித்துப் போகிறீர்கள். நூலகத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. 98 மில்லியன் யூரோ செலவழித்து, நாடாளுமன்றத்துக்கு நேர் எதிரே கட்டி, 2018 டிசம்பர் 5 அன்று, சுதந்திர தினத்துக்கு முந்தைய நாள், திறந்தார்கள். சரி. அங்கிருந்து மெட்ரோ ஏறி கலாசதாமாவில் இறங்கிப் பாருங்கள். சரக்குத் துறைமுகம் 2008இல் நகரின் கிழக்கு ஓரத்து வூசாரிக்குப் போனபின் காலியான கடற்கரை அது. அப்படி ஒரு இடம் கையில் கிடைத்தும் கட்டியது என்ன? ரெடி வணிக வளாகத்தின் தலைமேல் கோபுரங்கள். அதில் மயக்கா என்பது 35 மாடி, 134 மீட்டர். சுற்றிலும் நெருக்கியடித்த அடுக்ககங்கள். டிசம்பர் நண்பகலில் சூரியன் ஆறேழு டிகிரிக்கு மேல் ஏறாத ஊரில் முற்றங்களைக் கிணறு மாதிரி கட்டி வைத்திருக்கிறார்கள். ஒற்றை அறை வீடுகள் ஏராளம். ஒரு வீடு 20 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது விதி. கட்டுநர்கள் அந்தக் கீழ் எல்லையையே இலக்காக எடுத்துக்கொண்டார்கள். பத்திரிகை அட்டையில் வருவது நூலகம். ஜனங்கள் தூங்கி எழுவது இதில்.

மரவீடு:
வீடு சிறுத்துப்போகும் ஊரில்தான் நூலகம் பெரிதாக வேண்டும். ஓடியின் மேல்தளத்தில்தான் புத்தக அலமாரிகள். நடுத்தளத்தில் தையல் இயந்திரம், முப்பரிமாண அச்சு இயந்திரம், இசைப்பதிவு அறை. கீழே சினிமா அரங்கு, உணவகம். ஜனவரிக் குளிரில் பைசா செலவழிக்காமல், யாரும் எழுந்து போகச் சொல்லாமல் உட்கார ஓர் இடம் என்பது சின்ன விஷயமா? 2019இல் மட்டும் 30 லட்சத்துக்கு மேல் வருகைகள். அப்போது நகரத்தின் ஜனத்தொகையே ஆறரை லட்சம்தான்.

இன்னொன்றையும் பாருங்கள். இதே நகரத்துக்கு நியூயார்க்கின் குகன்ஹைம் கலை அருங்காட்சியகத்தின் கிளை ஒன்று வர இருந்தது. போட்டிக்கு 1,715 வடிவமைப்புகள் வந்து, 2015இல் ஒன்றைத் தேர்ந்தெடுத்தும் ஆயிற்று. அடுத்த ஆண்டே நகரமன்றம் 53க்கு 32 என்ற வாக்கில் வேண்டாம் என்றுவிட்டது. வெளிநாட்டுப் பெயரை உரிமக் கட்டணம் கொடுத்து வாங்க மறுத்தவர்கள் நூலகத்துக்குக் காசை எடுத்து வைத்தார்கள். வடிவமைப்புப் பண்பாடு என்று நான் சொல்வது இதை.

நகர்வலம்:
குகன்ஹைம் விஷயத்தில் எனக்கும் அதே கட்சிதான். ஆனால் "வீடு சின்னது, வெளியே போய் உட்காருங்கள்" என்பதை யாரிடம் சொல்கிறீர்கள்? கைக்குழந்தை வீறிடும் ராத்திரியில் நூலகம் திறந்திருக்காது.

கம்பிகட்டி:
கட்டுமானத் துறையில் இருப்பவன் என்ற முறையில் நடுவில் புகுகிறேன். இருவருமே கட்டடக் கலைஞர்தான் இதையெல்லாம் முடிவு செய்கிறார் என்று நினைத்துப் பேசுகிறீர்கள்.

1970 வாக்கில் பின்லாந்து கான்கிரீட் பலகைகளுக்கு நாடு முழுக்க ஒரே தரஅளவு கொண்டுவந்தது. சுவர் ஒரு தொழிற்சாலை, தளப்பலகை வேறு தொழிற்சாலை, எல்லாம் பொருந்தும். உறையும் குளிரில் வெளியே கான்கிரீட் ஊற்றும் தொல்லையும் குறையும். கிரேன் தூக்கி வைக்க வேண்டியதுதான். முகப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருப்பதற்கு இது முக்கியக் காரணம்.

வீட்டுக்குள் இருட்டாக இருப்பதற்குக் காரணம் வேறு. ஒரு லிப்ட், ஒரு படிக்கட்டு; அந்தச் செலவை எவ்வளவு அதிக வீடுகளுக்குப் பங்கு போடுகிறோமோ அவ்வளவு லாபம். அதனால் கட்டடத்தைத் தடிமனாக்கி, நடுவில் நடைவழி விட்டு, இருபுறமும் வீடுகளை அடுக்குகிறார்கள். மூலை வீட்டைத் தவிர எல்லாவற்றுக்கும் ஒரே பக்கம்தான் ஜன்னல். 2010களில் வட்டி அடிமட்டத்தில் கிடந்தபோது முதலீட்டு நிதியங்கள் ஒற்றை அறை வீடுகளை மொத்தமாக வாங்கின. சிறிய வீட்டில்தான் சதுர மீட்டருக்கு வாடகை அதிகம், அதனால் வரைபடத்தை வட்டிவிகிதமே போட்டுவிட்டது. 2022இல் வட்டி ஏறியதும் வாங்க ஆளில்லை, புதுக் கட்டுமானமும் படுத்துவிட்டது.

ஓடியின் கதை வேறு. திறந்த போட்டி, 544 வடிவமைப்புகள், வென்றது ஆலா என்ற கட்டடக் கலைஞர் நிறுவனம். அடியில் சுரங்கச் சாலைக்கு இடம் விட வேண்டியிருந்ததால் 100 மீட்டருக்கு மேல் தாவும் எஃகு வளைவுகளில் கட்டடத்தையே பாலம் மாதிரி நிறுத்தினார்கள். திறந்த போட்டி என்ற இந்தப் பாக்கியம் பெரும்பாலான குடியிருப்பு மனைகளுக்குக் கிடைப்பதில்லை.

பழையதெரு:
அழகு என்ற பேச்சே யாரும் எடுக்கவில்லையே! அங்கே கட்டடக்கலைக் கிளர்ச்சி என்றே ஓர் இயக்கம் இருக்கிறது. பழைய பாணியில் ஏன் கட்டக் கூடாது என்று கேட்கிறார்கள். ஹெல்சிங்கியின் பூ-கேபுலா பகுதியில் உள்ள 1920களின் மரவீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். தொழிலாளிகளுக்குக் கட்டியது. பின்னாளில் இடித்துத் தள்ளத் திட்டம் போட்டார்கள், எதிர்ப்பு வந்ததால் தப்பியது. இன்று அங்கே வீடு கிடைத்தால் அதிர்ஷ்டம். நவீனக் கட்டடக் கலைஞர்களின் குலதெய்வம் ஆல்வர் ஆல்டோ என்ன செய்தார்? ஹெல்சிங்கியின் பின்லாந்தியா மண்டபத்தின் வெளிச்சுவருக்கு இத்தாலியின் கராரா சலவைக்கல் ஒட்டினார். பனியிலும் வெயிலிலும் கல் கிண்ணமாக வளைந்தது. 1990களின் கடைசியில் மாற்றினார்கள், அதே கல், மறுபடி வளைந்தது.

கம்பிகட்டி:
மூன்றாவது முறை வேறு கல் போட்டு 2025இல் திறந்திருக்கிறார்கள். அதுவும் இத்தாலிதான், வடக்கே லாசாவிலிருந்து. பாதுகாக்கப்பட்ட கட்டடம், தோற்றத்தை மாற்ற முடியாது.

ஆனால் பூ-கேபுலா உங்களுக்கு எதிர்ச்சாட்சி ஐயா. மார்ட்டி வாலிகங்காஸ் வடிவமைத்த அந்த வீடுகளே தொழிற்சாலையில் அறுத்துத் தயாரித்த மரத்தில், ஒரே சில மாதிரிகளைத் திரும்பத் திரும்ப வைத்துக் கட்டியவை. நன்றாக இருப்பதற்குக் காரணம் இரண்டே மாடி, நடுவில் தோட்டம், வீட்டுக்கு இருபுறமும் வெளிச்சம். பழைய பாணி முகப்பைக் கொண்டுபோய் அந்தத் தடித்த கட்டடத்தில் ஒட்டினால் உள்ளே இருட்டு போய்விடுமா?

மரவீடு:
நிதியம் வாங்கியதை மட்டும் ஊர் என்று காட்டாதீர்கள். ஹெல்சிங்கியில் பெரும்பகுதி நிலம் நகராட்சிக்குச் சொந்தம். அதன் வாடகை நிறுவனம் ஹேகாவிடம் 50,000 வீடுகளுக்கு மேல் உண்டு. புதுப் பகுதிகளில் நகராட்சி வாடகை வீடும் சொந்த வீடும் பக்கத்துப் பக்கத்தில் வரும்படி திட்டமிடுகிறார்கள். வீடில்லாதவருக்கு முதலில் வீடு, மற்றதெல்லாம் பிறகு என்ற கொள்கையை 2008இல் எடுத்தார்கள். அப்போது நாடு முழுக்க 8,000க்கு மேல் இருந்த வீடில்லாதோர் எண்ணிக்கை 2024இல் அதில் பாதிக்கும் கீழே வந்திருந்தது. இரட்சணிய சேனையின் பழைய விடுதி ஒன்றைக் கட்டில்களை அகற்றி, சமையல் மூலையும் சாவியும் உள்ள தனி வீடுகளாக மாற்றினார்கள். அவையும் சின்ன வீடுகள்தான்.

நகர்வலம்:
விடுதிக் கட்டிலிலிருந்து வந்தவருக்கு அது பெரிய விஷயம், மறுக்கவில்லை. அதைக் காட்டி நிதியத்துக்கு விற்ற பெட்டியை ஏன் நியாயப்படுத்துகிறீர்கள்? நிலம் நகராட்சியுடையது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்படியானால் மனையைக் கொடுக்கும்போதே "இருபுறம் ஜன்னல், முற்றத்தில் இவ்வளவு வெயில்" என்று நிபந்தனை எழுதலாமே. சந்தை, வட்டி என்று கை விரிக்க தனியாருக்கு உரிமை உண்டு. நிலத்துக்குச் சொந்தக்காரருக்கு ஏது?

மரவீடு:
எழுதலாம், விலை ஏறும். விலையைக் கட்டுப்படுத்த 1978 முதல் ஹிட்டாஸ் முறை இருந்தது. என்ன ஆயிற்று? சந்தையைவிட விலை குறைவு என்பதால் புது வீடுகளுக்குக் குலுக்கல் போடும் நிலை வந்தது, பெயர் விழுந்தவருக்கு யோகம். கடைசியில் புதிதாக வேண்டாம் என்று நகராட்சியே நிறுத்திக்கொண்டது.

நகர்வலம்:
ஹிட்டாஸ் கட்டுப்படுத்தியது விலையை, நான் கட்டுப்படுத்தச் சொல்வது கட்டடத்தின் தடிமனை. கம்பிகட்டி சார், நடைவழியை எடுத்துவிட்டு ஒரு படிக்கட்டுக்கு மாடிக்கு இரண்டே வீடு வைத்தால் சதுர மீட்டருக்கு எவ்வளவு கூடும், தோராயமாகவாவது சொல்லுங்கள். மரவீடு சொல்கிற அளவுக்கு ஏறுமா என்று பார்ப்போம்.