மறு: 'நொறுங்கு நட்சத்திரம்' வேண்டாம், 'அரவுடு' என்போம்

வணக்கம்.

நட்சத்திர மீனைப் போன்ற கடல் விலங்கான பிரிட்டில் ஸ்டாருக்குத் தமிழ்க் கலைச்சொல்லாக 'நொறுங்கு நட்சத்திரம்' என்று வந்த பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. அதன் கை நொறுங்குவதே இல்லை. எதிரி பிடித்தால், கைக்கணுக்களை இணைக்கும் திசுவைத் தானே தளரவிட்டுக் கையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடுகிறது, அப்புறம் புதிதாக வளர்த்துக்கொள்கிறது. நட்சத்திர மீன்களிலும் இழந்த கையை வளர்ப்பவை உண்டு, ஆகவே அந்தப் பெயர் இரண்டையும் பிரித்துக் காட்டவும் உதவாது.

பிரித்துக் காட்டுவது நடைதான். நட்சத்திர மீன் அடியிலுள்ள குழாய்க்கால்களால் மெல்ல ஊரும். இதன் குழாய்க்கால்களில் உறிஞ்சிகள் கிடையாது, கைகளையே நெளித்துத் துழாவி விரைந்து போகும். வட்டமான நடுத்தட்டிலிருந்து கைகள் ஒல்லியாகத் தனித்து நீளும், வயிறு தட்டோடு நின்றுவிடும், குதம் இல்லாததால் கழிவும் வாய் வழியே வெளியேறும். இந்த விலங்குகள் அடங்கும் ஓபியூராய்டியா என்ற வகுப்பின் பெயரே கிரேக்கத்தில் பாம்பு, வால் என்ற இரு சொற்களால் ஆனது. ஆகவே அரவு (பாம்பு) + உடு (நட்சத்திரம்) = அரவுடு. மீனல்லாத ஒன்றை மறுபடியும் மீன் என்று சொல்ல வேண்டியதில்லை.

கைக்குள் வரிசையாக இருக்கும் சுண்ணச் சில்லுகளை ஆங்கிலத்தில் வெர்ட்டிப்ரே என்கிறார்கள், சரி, அதற்காக முதுகெலும்பற்ற விலங்குக்கு 'முதுகெலும்பு' என்று பாடநூலில் எழுதினால் மாணவர்கள் குழம்பிப்போவார்கள். 'கணுச்சில்லு' போதும். பெரும்பாலானவற்றில் இந்தச் சில்லுகள் முளையும் குழியுமாகப் பொருந்துவதால் கை பக்கவாட்டில்தான் நன்றாக வளையும், ஆனால் இதே வகுப்பில் கைகள் கிளைகிளையாகப் பிரியும் கூடை நட்சத்திரங்களில் உடுக்கை வடிவ முகங்கள் ஒன்றுக்கொன்று குறுக்காகப் பொருந்துவதால் கை மேலும் கீழும் சுருண்டு பவளக் கிளையைப் பற்றிக்கொள்ளும். முதலாவது 'முளைமூட்டு', இரண்டாவது 'உடுக்கைமூட்டு'.

கைகள் தொடங்கும் இடத்தில் கீறலாகத் திறக்கும் பைகளுக்கு 'மூச்சுப்பை' என்ற பரிந்துரை பாதிதான் சரி. ஆம்பிஃபோலிஸ் ஸ்குவாமேட்டா என்ற இனம் அதே பைக்குள்தான் குஞ்சுகளையும் வளர்க்கிறது. இரண்டு வேலைக்கும் பொதுவாகப் 'பிளவுப்பை' எனலாம்.

கூடை நட்சத்திரத்துக்கும் தனிப்பெயர் வேண்டாம், 'கிளைக்கை அரவுடு' என்றே சொல்வோம். 2017இல் ஆய்வாளர் டிம் ஓஹாரா குழுவினர் மரபணுத் தரவை வைத்து வகுப்பை 6 வரிசைகளாக (வகுப்பின் உட்பிரிவு, ஆங்கிலத்தில் ஆர்டர்) திருத்தியபோது, இவை அடங்கிய யூரியாலிடாவும் சாதாரணத் தோற்றமுள்ள ஓபியூரிடாவும் ஒரே பெருவரிசையில் சேர்ந்தன, மற்ற 4 வரிசைகள்தான் தள்ளி நிற்கின்றன. உறவு அப்படி இருக்கும்போது பெயரில் ஏன் பிரிக்க வேண்டும்? வரிசைப் பெயர்களை இப்போதைக்கு ஒலிபெயர்ப்பாகவே வைத்துக்கொள்ளலாம். 'உடு' இன்று யாருக்கும் புரியாது என்பவர்கள் மாற்றுச் சொல்லோடு வாருங்கள், பேசுவோம்.