அப்பா ராத்திரி தனியா மோட்டார் போடப் போறாரு, என்ன பண்ணலாம்?

கேள்வி:
நான் ஓசூர்ல வேலை பாக்குறேன், ஊரு அறந்தாங்கி பக்கம். அப்பாவுக்கு 63 வயசு. எங்க லைன்ல மோட்டார் ஓடுற த்ரீ பேஸ் கரண்ட் பல நாள் நடுராத்திரிதான் வருது, ஒரு மணிக்கு எந்திரிச்சு டார்ச்ச எடுத்துக்கிட்டு வரப்புல வெறுங்கால்ல போறாரு. போன வாரம் ஸ்டார்டர் பெட்டிய தொட்டதும் சுர்ருனு இழுத்துச்சாம், நாலு நாள் கழிச்சுதான் அம்மாகிட்டயே சொல்லிருக்காரு. எனக்கு தூக்கமே வரல.

பதில் 1:
தம்பி, நான் மோட்டார் வயரிங் வேலை பாக்குறவன். பெட்டி சுர்ருங்குதுன்னா எர்த் போயிருக்கு, வயரும் எங்கயோ பாடில உரசுது. சரி பண்ற வரைக்கும் அப்பா அதத் தொடவே கூடாது. எர்த் குழி காஞ்சு கிடந்தா பிரயோஜனமில்ல, வெயில் காலத்துல தண்ணி ஊத்தணும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா கட் பண்ற சுவிட்ச்) ஒண்ணு போடச் சொல்லுங்க, அடிக்கடி ட்ரிப் ஆகுதுன்னு சில பேர் அத பைபாஸ் பண்ணிடுவாங்க, ட்ரிப் ஆனா கரண்ட் கசியுதுன்னு அர்த்தம், கசிவத்தான் தேடணும். நிக்கிற எடத்துல காஞ்ச பலகை போடுங்க.

பதில் 2:
மொபைல் ஸ்டார்டர் வாங்கிக் குடுங்க, சிம் போட்டது, வீட்ல இருந்தே போன்ல ஆன் பண்ணலாம். ஒண்ணு மட்டும் கவனம், மோட்டார்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி மெயின ஆஃப் பண்ணி பியூஸ் கேரியர உருவி சட்டைப் பையில போட்டுக்கணும், இல்லன்னா யாராச்சும் வீட்ல இருந்து போன்ல போட்டு விட்டுடுவாங்க.

பதில் 3:
பாம்ப மறந்துட்டீங்களே. கட்டுவிரியன் ராத்திரிலதான் நடமாடும், கடிச்சா பல நேரம் வலியே தெரியாது, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அப்புறம் வயித்து வலி வந்து கண் இமை சொருகும். எங்க பெரியப்பா அப்பிடித்தான் வந்து படுத்துட்டாரு, விடியறதுக்குள்ள பேச்சு போச்சு. முழங்கால் வரைக்கும் கம்பூட் போடச் சொல்லுங்க. சந்தேகம் வந்தாலே கயிறு கட்டாம, கீறாம, கால அசைக்க விடாம 108ல அரசு ஆஸ்பத்திரிக்கு. பாம்ப அடிச்சு கொண்டு போகணும்னு இல்ல, நம்ம ஊர்ல அதிகமா கடிக்கிற நாலு வகைக்கும் ஒரே மருந்துதான். அப்புறம் கிளம்புறப்ப அம்மாவ எழுப்பி சொல்லிட்டுத்தான் போகணும், அரை மணில திரும்பலன்னா அம்மா பக்கத்து வீட்ட எழுப்பணும். போறவங்க அவரத் தொடாம மொதல்ல மெயின ஆஃப் பண்ணணும்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிண்ணே. இப்பதான் அம்மாகிட்ட பேசுனேன், எழுப்புனா தூக்கம் கெடும்னுதான் இத்தன நாளா சத்தமில்லாம கதவ சாத்திட்டு போயிருக்காரு. எலக்ட்ரீசியன் நாளைக்கு காலைல வர்றாரு, அதுவரைக்கும் பயிருக்கு தண்ணி வேணாம்னு சொல்லிட்டேன்.