கரப்பான் தோல்நோயோடு நாற்பது வருடம்: நோயால் வருவது எது, மருந்தால் வருவது எது?

பாளை வாத்தியார்:

கண்ணாடி மாற்றத்தான் போனேன். வயது நாற்பத்து நான்கு, வினாத்தாள் எழுத்து மங்குகிறது, வெள்ளெழுத்துதான் என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டு போனேன். மருத்துவர் கண் அழுத்தம் பார்த்தார். வலது 29, இடது 27. பொதுவாக 21-ஐத் தாண்டக்கூடாதாம்.

"சொட்டு மருந்து ஏதாவது போடுகிறீர்களா?" இல்லை என்றேன். "இமையில் என்ன தடவுகிறீர்கள்?" என்றார். சட்டைப் பையிலிருந்து ட்யூபை எடுத்துக் கொடுத்தேன். பர்ஸை மறந்தாலும் அதை மறக்க மாட்டேன். அடியிலிருந்து சுருட்டிச் சுருட்டிப் பாதியாகியிருந்தது. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பொடி எழுத்தைப் படித்தார். குளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டு களிம்பு. "எத்தனை வருடமாக?" பதினொன்று.

மூன்று வயதிலிருந்தே எனக்குக் கரப்பான் (எக்ஸிமா) உண்டு. முழங்கை மடிப்பு, முழங்கால் பின்புறம், கழுத்து. கல்லூரிக் காலத்தில் மாயமாக மறைந்தது. வேலைக்கு வந்த பிறகு இமையிலும் கையிலும் திரும்பி வந்தது. அப்போது பத்து நாளுக்கு என்று ஒரு மருத்துவர் எழுதிக் கொடுத்த களிம்பு அது. அந்தப் பத்து நாளைப் பதினொரு வருடமாக்கியது நானும் எங்கள் தெருமுனை மருந்துக்கடையும். தடவிய இரண்டாம் நாள் அரிப்பு அடங்கும், ராத்திரி தூக்கம் வரும். விடுவதற்கு யாருக்கு மனம் வரும்? வெயில் காலத்தில் முற்றிவிட்டால் அதே கடையில் சின்ன வெள்ளை மாத்திரை ஒரு வாரம், வருடத்துக்கு மூன்று நான்கு முறை.

பயந்துபோய்ப் போன வாரம் களிம்பைக் குப்பையில் போட்டுவிட்டேன். இப்போது முகம் தீப்பட்டதுபோல் சிவந்து எரிகிறது. தோல் மருத்துவரைப் பார்க்க அடுத்த திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டும். இதுநாள்வரை இதை வெறும் தோல் சமாச்சாரம் என்றே நினைத்திருந்தேன். கரப்பானோடு வயதாகிறவர்கள் வேறு எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற மருந்தாளுநர்:

வாத்தியார் ஐயா, முப்பத்தைந்து வருடம் மருந்துக்கடையில் நின்றவன் நான். பழைய சீட்டைக் காட்டினால் எடுத்துக் கொடுப்பது எங்கள் பிழைப்பாகவே இருந்தது. ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று 2018-ல் மத்திய அரசு இறுக்கிய பிறகும் என்ன நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

குளோபெட்டசால் அந்த இனத்திலேயே மிக வீரியமானது. உள்ளங்கை, உள்ளங்கால்போல் தடித்த தோலுக்கு, குறைந்த நாட்களுக்கு. இமையோ உடம்பிலேயே மெல்லிய தோல். அங்கே தடவினால் மருந்து கண்ணையும் எட்டும். அழுத்தம் ஏறும், கண்புரை வரும். அழுத்தம் ஏறுவது வலிக்காது. உங்களுக்கு வெள்ளெழுத்து வந்ததே நல்லதாகப் போயிற்று.

முகம் எரிவது, வருடக்கணக்கில் தடவிய களிம்பைச் சட்டென்று நிறுத்தியதன் விளைவாக இருக்கலாம். மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இமைக்கு டாக்ரோலிமஸ் களிம்பு எழுதக்கூடும். அது ஸ்டீராய்டு அல்ல; முதல் சில நாள் சுரீரென்று எரியும், அதற்குப் பயந்து விட்டுவிடாதீர்கள். ஸ்டீராய்டு மாத்திரையை நீண்ட நாள் விழுங்குகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையை மறந்திருக்கும். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு ஸ்டீராய்டே விஷம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகைவரை பிதுக்கினால் அரை கிராம். பெரியவரின் இரண்டு கை அளவு இடத்துக்கு அது போதும். தகுந்த வீரியம், தகுந்த இடம், தகுந்த நாள் என்று இருந்தால் அது நல்ல மருந்துதான்.

உறையூர் அக்கா:

தம்பி, எனக்கு ஐம்பத்தொன்பது வயது. அந்த வெள்ளை மாத்திரையை உங்களைவிட அதிகமாகத் தின்றவள்.

மூன்று வருடத்துக்கு முன் மார்கழியில் கோலம் போட்டுவிட்டு எழுந்தபோது ஈரத்தில் வழுக்கிக் கையை ஊன்றினேன். பெரிய விழுகை ஒன்றும் இல்லை; கோலப்பொடி டப்பாகூடக் கவிழவில்லை. மணிக்கட்டு முறிந்துவிட்டது. எலும்பு அடர்த்தி பார்த்தார்கள், என் வயதுக்கு மிகவும் குறைவு. மாத்திரை பாதி, வெயில் படாமல் முழுக்கைச் சட்டைக்குள்ளேயே வாழ்ந்தது பாதி என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டேன். நீங்கள் எலும்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று நோயே தருவது. போன வருடம் பேரனுக்கு உதட்டோரம் காய்ச்சல் கொப்புளம். மடியில் வைத்துக் கொஞ்சினேன். ஒரு வாரத்தில் என் கன்னத்திலும் கழுத்திலும் ஊசியால் தோண்டியதுபோல ஒரே அளவில் குழிக்குழியாகப் புண், காய்ச்சல் வேறு. வழக்கமான கரப்பான் அரிக்கும், இது வலித்தது. களிம்பை அப்பிக்கொண்டு இரண்டு நாள் வீட்டிலேயே கிடந்தேன், அதுதான் தப்பு. உதட்டுக் கொப்புளத்தின் கிருமி கரப்பான் தோலில் இப்படிக் காட்டுத்தீயாகப் பரவுமாம். கண்ணைத் தொட்டால் பார்வைக்கே ஆபத்து. அந்த வைரஸை அடக்கும் அசைக்ளோவிர் மருந்து கொடுத்த பிறகுதான் அடங்கியது. அப்படிக் கண்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

வைகைக்கரை:

கத்தரிக்காய், கருவாடு, சோளம் எல்லாம் கரப்பான் பண்டம். அவற்றை நிறுத்தி ரத்தத்தைச் சுத்தம் செய்தால் இத்தனை மருந்தும் தேவையில்லை. எங்கள் தாத்தா சொன்னது.

பாளை வாத்தியார்:

எங்கள் ஆச்சியும் அதையேதான் சொன்னாள் ஐயா. மூன்று வயதிலிருந்து நான் கத்தரிக்காய் தொட்டதில்லை. என் கழுத்தை நேரில் பார்த்தீர்களானால் தாத்தாவின் கட்சியை மறுபரிசீலனை செய்வீர்கள்.

இரவுப்பணி:

தோல் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். நோயாளியும்கூட.

சார், கண்ணைப் புறங்கையால் அழுத்தித் தேய்க்கும் பழக்கம் உண்டா? நம்மில் பாதிப்பேர் செய்வோம். தேய்த்துத் தேய்த்துக் கருவிழி மெலிந்து கூம்பாகிவிடுவது உண்டு. களிம்பே தொடாதவர்களுக்கும் கடும் கரப்பானில் கண்புரை வருவதுண்டு. ஆகவே அழுத்தம் இறங்கினாலும் வருடாந்தரக் கண் பரிசோதனையை விடாதீர்கள்.

இதயத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. 2018-ல் பிரிட்டனில் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், கடும் கரப்பான் உள்ளவர்களிடம் மாரடைப்பும் இதயச் செயலிழப்பும் மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தெரிந்தன. லேசாக உள்ளவர்களிடம் அந்த அளவுக்கு இல்லை. கரப்பான்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. தூக்கமின்மை, வியர்வைக்குப் பயந்து நடக்காமலே இருப்பது, மாத்திரை எல்லாம் கூடவே வருகின்றன. பீதி வேண்டாம். கொழுப்பும் ரத்த அழுத்தமும் பாருங்கள்.

மனச்சோர்வைத்தான் நான் முதலில் எழுதியிருக்க வேண்டும். மூன்று மணிக்குப் போர்வையில் ரத்தப் பொட்டோடு விழித்திருப்பவருக்குப் பகலில் சிரிப்பு எங்கிருந்து வரும்? எங்கள் பிரிவில் வருகிறவர்கள் அரிப்பைச் சொல்வார்கள், இதைச் சொல்லவே மாட்டார்கள். வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லி மருந்துச் சீட்டிலேயே எழுத வையுங்கள்.

பாளை வாத்தியார்:

தேய்ப்பேன் தங்கையே. இதை எழுதும்போதுகூட இரண்டு முறை கை போய்விட்டது. மூன்று மணி விஷயத்தை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. போர்வை துவைக்கிறவள் அவள்தானே.

திங்கள் போய்வந்தேன். இமைக்கு டாக்ரோலிமஸ். உடம்புக்கு வாரம் கால் கிலோ ஈரப்பதக் களிம்பு; குளித்துத் துவட்டிய ஈரம் காய்வதற்குள் பூச வேண்டும். நான் மாதம் ஒரு ட்யூப் வாங்கிச் சிக்கனம் செய்துகொண்டிருந்தேன். ரத்தப் பரிசோதனை வந்ததும், நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை தொடங்கலாம் என்றார்.

ஓய்வுபெற்ற மருந்தாளுநர்:

மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். தினமும் விழுங்கி உயிருக்கே ஆபத்தானவர்கள் உண்டு. எந்தக் கிழமை என்று அட்டையிலேயே பேனாவால் எழுதுங்கள். கல்லீரல், ரத்த அணுக்கள் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். மதுவைத் தொடாதீர்கள்.

பாளை வாத்தியார்:

ஞாயிறு என்று எழுதிவிட்டேன்.

ஆறு வாரம் கழித்து ஒரு தகவல். கண் அழுத்தம் 19, 18. கண் மருத்துவர் கொடுத்த சொட்டு மருந்தை இன்னும் போடுகிறேன். பார்வை நரம்பில் சேதம் இல்லை என்றார்கள். முகத்தின் எரிச்சல் முக்கால்வாசி அடங்கிவிட்டது. இன்று மதியம் வீட்டில் எண்ணெய்க் கத்தரிக்காய். நான்தான் கேட்டுச் செய்யச் சொன்னேன். இரண்டு துண்டு சாப்பிட்டேன், மாலைவரை ஒன்றும் ஆகவில்லை. மனைவி மட்டும் மணிக்கு ஒருதரம் வந்து என் சட்டைக் காலரை விலக்கிப் பார்த்துவிட்டுப் போகிறாள்.