சரியாக எட்டு மணி நேரம் பின்தங்கிய கடிகாரம்

செங்காங்கிலிருந்து

மகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் முதலாண்டு படிக்கிறாள். பாடத்துக்கு லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டு வேண்டும், மற்ற வேலைகளுக்கு விண்டோஸ் 11 வேண்டும் என்றாள். அவளுடைய மேசைக் கணினியில் இரண்டையும் நானே நிறுவிக் கொடுத்தேன். கணினியை இயக்கியதும் கிரப் பட்டியல் வரும், வேண்டியதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

சில நாள்களிலேயே விண்டோஸில் மணி தவறாகக் காட்டத் தொடங்கியது. சரிசெய்து வைப்போம், மறுநாள் மீண்டும் பின்தங்கியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்குக் குழு வேலைக்காகத் தோழிகளோடு இணையவழிச் சந்திப்பு வைத்திருந்தாள். நினைவூட்டல் மாலை 6 மணிக்கு ஒலித்தது. அதற்குள் மற்றவர்கள் வேலையைத் தங்களுக்குள் பங்கிட்டு முடித்துவிட்டார்கள். அவள் முகம் வாடியதைப் பார்த்த பிறகு இதைத் தள்ளிப்போட எனக்கு மனம் வரவில்லை.

கணினியில் மணி தவறினால், அது அணைந்திருக்கும்போதும் தாய்ப்பலகைக் கடிகாரத்தை ஓடவைக்கும் பொத்தான் பேட்டரிதான் காரணம் என்பது என் மனத்தில் ஊறிப்போன எண்ணம். கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேருக்குப் போய் ஒரு சிஆர்2032 பேட்டரி வாங்கிவந்து மாற்றினேன். அதுதான் நான் செய்த பெரிய தவறு.

பேட்டரியைக் கழற்றியதில், கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேரின் அமைப்புகள் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டன. மறுபடி இயக்கியபோது கிரப் பட்டியலே வரவில்லை. நேராக ஒரு நீலத் திரை. வட்டிலுள்ளதைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர், மீட்புச் சாவியைக் கேட்டது. 48 இலக்கங்கள். வட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். கணினி தொடங்கும் விதம் மாறியதும், யாரோ வட்டைத் திருட முயல்கிறார்கள் என்று அது எண்ணிக்கொள்கிறது. நல்லவேளையாக, அந்தச் சாவி மகளின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிவாகியிருந்தது. என் மனைவி கைப்பேசியைப் பார்த்து ஆறு ஆறு இலக்கமாக எட்டு முறை வாசிக்க, மகள் ஒவ்வொன்றாகத் தட்டினாள். அந்தச் சில நிமிடங்கள் வீட்டில் ஒருவரும் மூச்சுவிடவில்லை.

உபுண்டு அழிந்துவிட்டதோ என்று பயந்தேன். அழியவில்லை. ஃபர்ம்வேரில் தொடக்க வரிசை மட்டும் மாறியிருந்தது. அதற்குள் நுழைந்து உபுண்டுவை முதலிடத்துக்கு ஏற்றியதும் கிரப் திரும்பி வந்தது.

ஆனால் மணி? உபுண்டுவில் நுழைந்துவிட்டு மறுபடி விண்டோஸைத் திறந்தால் அதே தவறு. இரவு 9:40க்கு விண்டோஸ் பகல் 1:40 என்று காட்டியது.

எங்களோடு இருக்கும் என் அப்பா சோபாவிலிருந்து எழுந்துவந்து திரையைப் பார்த்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “நிமிடம் சரியாகத்தானே ஐயா இருக்கிறது? பேட்டரி போன கடிகாரம் நிமிடத்தையும் அல்லவா தவறவிடும்?” என்றார்.

அந்த ஒரு கேள்வியில் எனக்கு விளங்கிவிட்டது. வித்தியாசம் எட்டு மணி நேரம், ஒரு நிமிடம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சிங்கப்பூர் நேரம் உலகப் பொது நேரத்தைவிட எட்டு மணி நேரம் முந்தியது. (1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரைக்கே நள்ளிரவு என்று முள்ளை அரை மணி நேரம் தள்ளிவைத்ததை அப்பா இன்றும் சொல்வார். அதற்கு முன்பு இந்த வித்தியாசம் ஏழரை மணி நேரமாக இருந்தது.)

உபுண்டுவில் டெர்மினலைத் திறந்து டைம்டேட்சிடிஎல் என்ற கட்டளையைக் கொடுத்தேன். உள்ளூர் நேரம் 21:52. உலகப் பொது நேரம் 13:52. மூன்றாவது வரியில் தாய்ப்பலகைக் கடிகாரம், அதுவும் 13:52. லினக்ஸ் அந்தக் கடிகாரத்தில் உலக நேரத்தை எழுதிவைக்கிறது. விண்டோஸ், தனக்கு முந்தைய டாஸ் இயங்குதளக் காலத்து வழக்கத்தைப் பின்பற்றி, அதையே உள்ளூர் நேரமாகப் படிக்கிறது. இரண்டிலும் பழுதில்லை, ஒரே கடிகாரத்தை இருவர் இரு விதமாகப் படிக்கிறார்கள், அவ்வளவுதான்.

இரண்டில் ஒன்றை மாற்றினால் போதும். நான் விண்டோஸை மாற்றினேன். அதன் உள் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் டைம்சோன்இன்ஃபர்மேஷன் பிரிவில் ரியல்டைம்இஸ்யுனிவர்சல் என்ற பெயரில் புதிய மதிப்பை உருவாக்கி 1 என்று வைத்தேன். அதன்பின் மணி தவறவே இல்லை. கழற்றிய பழைய பேட்டரியை மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தேன். 3 வோல்ட்டுக்குச் சற்று மேலேயே காட்டியது. பாவம், அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை.

உட்லண்ட்ஸிலிருந்து

உங்கள் அப்பாவுக்கு என் வணக்கம். எனக்கும் இதே தொல்லை இருந்தது, ஆனால் மடிக்கணினியில். எட்டு மணி நேரம் என்பதை நான் கவனிக்கவே இல்லை. திருச்சியில் அக்கா வீட்டுக்குப் போனபோது வித்தியாசம் ஐந்தரை மணி நேரமாக மாறியது. ஊர் மாறினால் பழுதின் அளவும் மாறுமா என்று யோசித்தபோதுதான் நேர மண்டலம் நினைவுக்கு வந்தது. லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றும் வழியைச் சிலர் சொல்வார்கள். கோடைக்கால நேர மாற்றம் இல்லாத சிங்கப்பூரில் அது ஓடிவிடும். பயணம் போகிறவர்களுக்கு நீங்கள் செய்ததுதான் சரி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் பொதுவாக ஒரு வட்டுப் பகுதியை வைத்து அதில் குடும்பப் படங்களைச் சேமித்திருந்தேன். உபுண்டுவில் அது படிக்க மட்டுமே திறந்தது, எதையும் எழுதவிடவில்லை. விண்டோஸின் வேகத் தொடக்க வசதிதான் காரணம். மூடு என்று சொன்னாலும் விண்டோஸ் முழுமையாக மூடாமல், பாதி உறக்க நிலையை வட்டில் எழுதிவைக்கிறது. அந்த நிலையில் வலுக்கட்டாயமாக எழுதினால் கோப்புகள் சிதையலாம் என்றுதான் லினக்ஸ் மறுக்கிறது. அது நமக்குச் செய்யும் உதவி. தயவுசெய்து உறக்கக் கோப்பை அழித்துவிட்டுத் திறக்கும் குறுக்குவழியில் இறங்காதீர்கள். மின்சக்தி அமைப்புகளில் வேகத் தொடக்கத்தை அணைத்துவிடுங்கள். அவசரமென்றால் ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி மூடினாலும் முழுமையாக மூடும்.

செங்காங்கிலிருந்து

மிக்க நன்றி. மகளின் கணினியில் அந்த வசதி இயங்கிக்கொண்டுதான் இருந்தது, இப்போதே அணைத்துவிட்டேன். அந்த 48 இலக்கங்களையும் மகள் ஒரு தாளில் எழுதி, கடப்பிதழ்கள் இருக்கும் இழுப்பறையில் வைத்துவிட்டாள். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வோர் இலக்கமாகச் சரிபார்த்தார்.